ஹேங்கருக்குச் சதை போட்ட கதை

பனியன் தொழிலில் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. நூலைக் கிலோவில் வாங்குவோம், துணியைக் கிலோவில் வாங்குவோம், வெட்டிக் கழித்த வேஸ்ட்டைக்கூடக் கிலோவில்தான் விற்போம். அப்படிப்பட்ட ஊரில் எடையே இல்லாத ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்தால் என்ன பாடு படுவான் என்பதற்கு நான்தான் சாட்சி.

இதைப் படிக்கிற ஒல்லி அன்பர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். குண்டாக இருப்பவரைப் பார்த்து 'கொஞ்சம் குறைங்க' என்று சொல்ல எல்லாருக்கும் ஒரு கூச்சம் இருக்கும். நம்மிடம் யாருக்கு என்ன கூச்சம்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், பேர்கூடக் கேட்காமல், "தம்பிக்கு வயித்துல பூச்சியா?" என்று ஆரம்பித்துவிடுவார். சின்ன வயசிலிருந்து நான் முழுங்கிய பூச்சி மாத்திரைக்கு, இந்நேரம் தாராபுரம் தாலுகாவிலேயே ஒரு பூச்சி உயிரோடு இருந்திருக்கக் கூடாது. அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாலும் சரி, டாக்டரிடம் கூட்டிப் போனாலும் சரி, கைகூப்பிக் கேட்டது ஒன்றைத்தான்: இவனுக்குக் கொஞ்சம் சதை போடணும்.

ஆளா, ஹேங்கரா?

நான் சேர்ந்தது மண்ணரையில் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில். ஈமெயில் வந்து, ஃபேக்ஸ் மெஷின் மூலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர், அளவு எழுதி அனுப்புவார். அதன்படி ஒரே ஒரு பனியன் தைத்து அனுப்ப வேண்டும். அவர் 'ஓகே' சொன்னால்தான் மிச்சமெல்லாம் மெஷினுக்குப் போகும்.

பேட்டர்ன் வெட்டுவது துரைசாமி மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் தொழில் பழகியவர்கள். அவருக்கு டேப்பின் மேல் அரை நம்பிக்கைதான். "மேசையில போட்டு அளந்தா எல்லாப் பனியனும் யோக்கியமாத்தான் இருக்கும். ஆள் மேல மாட்டினாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பார். ஆனால் அந்தச் சமயம் ஒரு பையர் கேட்ட ஸ்மால் சைஸ், உடம்போடு ஒட்டி நிற்கிற மாடல். கம்பெனியில் யாருக்கும் தலைக்குக் கீழே இறங்கவில்லை. நான் வேலை கேட்டுப் போன அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாஸ்டர் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்துவிட்டு, மொதலாளி ரூம் பக்கம் பார்த்துக் கத்தினார்: "மொதலாளி, நல்ல ஹேங்கர் ஒண்ணு கெடச்சிருச்சுங்க! வேலைக்கு வெச்சுக்கலாம்."

மீசை நெசந்தானா?

கதிர்வேல் என்கிற என் பேர் அன்றோடு போயிற்று. கேட்டிலிருந்து கேன்டீன் வரைக்கும் ஹேங்கர்தான். அதுகூடப் பரவாயில்லை. பையர்கள் அனுப்புகிற ஆடிட்டர் வந்த அன்று நடந்ததுதான் மறக்காது. தீயணைக்கிற சிலிண்டர் இருக்கிறதா, பாத்ரூமில் சோப்பு இருக்கிறதா, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து வந்த அந்த அம்மா ஒவ்வொரு டேபிளாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, பயப்படாமச் சொல்லு. உனக்கு என்ன வயசு?" என்றார். இருபத்தாறு என்றேன். "இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?" என்று இன்னும் பாசமாகக் கேட்டார். ஓட்டர் அட்டையைக் காட்டினேன். ஓட்டர் அட்டை போட்டோவில் யாரைத்தான் அடையாளம் தெரியும்? அந்த அம்மா போட்டோவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், பிறகு என் மீசையை உற்று உற்றுப் பார்க்கிறார். மையில் வரைந்திருப்பார்களோ என்று சந்தேகம். கடைசியில் லைசென்ஸ், ரேஷன் கார்டு, நான் ஓட்டுப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாக மாஸ்டர் அடித்த சத்தியம் எல்லாம் சேர்ந்துதான் கம்பெனியைக் காப்பாற்றின. அந்த அம்மா கார் ஏறியதும் மொதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்: "கண்ணு, அடுத்த தடவ இவிய வர்றதுக்குள்ள ஒரு தொப்பையாச்சும் வளத்திக்கோ. இல்லீனா அன்னைக்கு லீவு போட்டுப்போடு."

ஊத்துக்குளியில் ஒரு தட்டுப் பலகாரம்

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டுத்தான் இருந்தேன். ஆனி மாசம் ஊத்துக்குளிக்குப் பெண் பார்க்கப் போனோம், அங்கேதான் சிரிப்பு நின்றது.

பெண் பேர் கோகிலா. அப்பா இல்லை. அம்மாவோடு அப்புச்சி வீட்டில், அதாவது தாயைப் பெற்ற தாத்தா வீட்டில் வளர்ந்தவள். எருமை, பால், வெண்ணெய் என்று நல்ல பண்ணயம். அப்புச்சி வாலிபத்தில் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவராம்; பேரம் முடிந்ததும் கயிறு மாற்றி மாட்டைக் கைமாற்றிவிடுவது அவர் வேலை. நான் செருப்பைக் கழட்டி உள்ளே வந்ததிலிருந்து அவர் கண் என் கால், முட்டி, இடுப்பு, தோள் என்று ஏறிக்கொண்டே வந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பிடித்துப் பார்த்துவிடுவாரோ என்று பயந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கோகிலா பலகாரத் தட்டோடு வந்தாள். தலையைக் குனிந்துகொண்டெல்லாம் வரவில்லை. நேரே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னொரு முறுக்கு எடுத்துக்கோங்க" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இனிமேல் வேறு எந்த வீட்டுப் பலகாரத்தையும் தின்னப் போவதில்லை என்று அந்தத் தட்டின் முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டேன். அவளுக்கும் சம்மதம் என்று அவள் அம்மா சாடையாகச் சொன்னார்.

அப்புச்சிதான் மசியவில்லை. பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிறவன், நெஞ்சில் ஏதாவது சீக்கு இருக்கும் என்பது அவர் கணக்கு. எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்றேன். எக்ஸ்ரேயில் சதை தெரியாது என்றார். என் அப்பா முகம் சுண்டிப்போனதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி, தை பிறக்கட்டும், அதுவரைக்கும் வேறு இடத்தில் வாக்குக் கொடுக்கவில்லை என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவர் சொன்னது இது: "தப்பா நெனைக்காதீங்க. மாடு புடிக்கறதுன்னாக்கூட, வெலாவெலும்பு தெரிஞ்சா நாங்க கவுறு மாத்தறதில்லீங்க."

உள்ளே உக்காந்து தின்னுய்யா

அன்றிலிருந்து தின்ன ஆரம்பித்தேன் பாருங்கள்! ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். செவ்வாழை என்றார்கள், பேரீச்சம்பழம் என்றார்கள், ராத்திரி உளுந்தங்கஞ்சி என்றார்கள். யார் சொன்னதையும் நான் விடவில்லை.

நான் சாப்பிட்டது எஸ்தரக்கா மெஸ்ஸில். தூத்துக்குடிப் பக்கமிருந்து புருஷனோடு பனியன் வேலைக்கு வந்து, தையல் ஒத்துவராமல் அடுப்பைப் பிடித்தவர். கை தாராளம். கதையைக் கேட்டதும் கண் கலங்கிப்போய், "நான் தேத்துதேன்யா ஒன்னய" என்று கங்கணம் கட்டிக்கொண்டார். எல்லாருக்கும் ஒரு முட்டை என்றால் எனக்கு இரண்டு. எல்லாருக்கும் மீன் துண்டு என்றால் எனக்குத் தலையும் சேர்த்து. நானும் மூச்சு வாங்க வாங்கத் தின்பேன். இரண்டு மாசம் போனது. இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டைகூட நகரவில்லை.

எனக்கு எப்போதும் வாசலை ஒட்டிய டேபிள்தான், காற்று வரும். ஒருநாள் எஸ்தரக்கா என் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே சமையல் ரூமுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "எய்யா, நீ இனிமே உள்ள உக்காந்தே தின்னு. வாசல்ல ஒன்னயப் பாக்கவன் எல்லாம், இந்த மெஸ்ஸுல சோறே போட மாட்டாவ போலன்னு அடுத்த கடைக்குப் போயிருதான்."

வந்தது தங்க வேண்டாமா?

சோறு கைவிட்டதும் ஜிம்முக்குப் போனேன். மண்ணரைச் சந்தில், தகரக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் சாயப்பட்டறை வேலைக்காரர்கள். ஈரத் துணியை இழுத்து இழுத்து ஒவ்வொருத்தர் கையும் உலக்கை மாதிரி இருந்தது. என்னைப் பெஞ்சில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் வெயிட் மாட்டாத வெறும் கம்பியைக் கையில் கொடுத்தார்கள். அது என் நெஞ்சில் இறங்கியது. பிறகு ஏறவில்லை. இரண்டு பேர் வந்து என்னைக் கம்பிக்கு அடியிலிருந்து உருவி எடுத்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கோபம் வந்திருக்கும்.

அங்கேதான் உடம்பு தேற்றுகிற பவுடர் டப்பா ஒன்று கிடைத்தது. மேலே போட்டிருந்த ஆளுக்குக் கழுத்தே கிடையாது. ஒரு கரண்டி போதும் என்று எழுதியிருந்தது. தைக்குள் தேறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து பையருடைய ஆள் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்மால் சைஸ் பனியன் டேபிளில் இருக்கிறது, அதைப் போட்டுக் காட்ட வேண்டிய நான் பாத்ரூமில் இருக்கிறேன். வெளியே வருவேன், பனியனில் ஒரு கையை விடுவேன், திரும்பவும் ஓடுவேன். மூன்றாவது தடவை மாஸ்டரே பாத்ரூம் கதவைத் தட்டினார்: "ஏண்டா ஹேங்கரு, தின்னது கொஞ்சம் தங்கோணும்டா! நீ என்ன கூரியர் ஆபீஸா, வந்ததையெல்லாம் அன்னைக்கே அனுப்பறதுக்கு?"

பேக்கிங் போக நெட் வெயிட்

டப்பாவை ஜிம் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். இனி ஒழுங்காக, ஒவ்வொரு வாரமும் எடை பார்த்து முன்னேறுவது என்று திட்டம். கம்பெனியிலேயே எடை மெஷின் இருக்கும்போது வெளியே எதற்கு? துணி குடோனில் ரோல் நிறுக்கிற மேடைத் தராசில் ஏறி நின்றேன்.

குடோனைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்கீப்பர் தொழிலில் கறாரானவர். துணி ரோல் வந்தால் உள்ளே இருக்கிற அட்டைக் குழாய், மேலே சுற்றின பாலித்தீன் எல்லாவற்றையும் கழித்துத்தான் எடை சொல்லுவார். மில்காரர்கள் அவரைக் கண்டாலே நடுங்குவார்கள். நான் ஏறினதும் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மனசுக்குள் ஏதோ கழித்தார், நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஒரு எண்ணைச் சொன்னார். மெஷினில் ஐம்பது காட்டுகிறதே என்று சண்டைக்குப் போனேன். அந்த ஐம்பதைப் பார்க்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்! அவர் அசையவே இல்லை: "பேண்ட்டு, சட்டை, பெல்ட்டு, பையில செல்போனு. அதெல்லாம் பேக்கிங்குங்க. பேக்கிங் கழிச்சுப்போட்டுத்தான் நான் நெட் வெயிட் சொல்லுவேன்."

முதலில் ரொட்டி

கோபத்தில், தை பிறக்கிற வரைக்கும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டேன். இந்தச் சபதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்பு வரும்.

அதே குடோனில் துணி ரோல் தூக்குகிறவன் சுரேந்தர். பீகார்க்காரன், என் வயசுதான். எனக்குத் தெரிந்த இந்தியும் அவனுக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்தால் ஒரு டீ வாங்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் சிநேகிதம். ஒரு ரோலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே படி ஏறுவான். எனக்கும் பழக்கிவிடு என்று சைகையில் கேட்டேன். அவன் தன் டிபனைத் திறந்து, கனமான ரொட்டி ஒன்றை என் கையில் வைத்து, "பெஹ்லே ரோட்டி, ஃபிர் ரோல்" என்றான். முதலில் ரொட்டி, அப்புறம் ரோல்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் துண்டு ரோல், பிறகு அரை ரோல். காலையில் ஷிஃப்ட்டுக்கு முன்னால் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். ஒரே நேரத்தில் மூச்சு முட்டத் தின்பதை விட்டுவிட்டேன். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த நிலக்கடலை. பத்து மணிக்கு இரண்டு முட்டை, நாலு மணிக்கு வாழைப்பழம், ராத்திரி தயிர்சோறு, பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். ஜிம்மில் வெறும் கம்பி இப்போது ஏறி இறங்கியது. கொஞ்ச நாளில் கம்பியின் இரண்டு முனையிலும் சின்னதாக ஒவ்வொரு வெயிட் வந்து உட்கார்ந்தது.

சுரேந்தர் எனக்குச் சொல்லிக்கொடுத்தானா, என்னை வைத்து வேலை வாங்கினானா என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் நான் ரோலோடு படி ஏறிக்கொண்டிருக்கிறேன், அவன் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே "ஷாபாஷ், ஷாபாஷ்" என்கிறான். ஸ்டோர்கீப்பர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்: "ஏப்பா சுரேந்தர், மொதலாளி உனக்கு ஒரு ஆளுக்குத்தான் கூலி குடுக்கறாரு. நீ அசிஸ்டெண்ட் வெச்சு வேலை பாக்கறியே!"

மிஸ்டு கால்

இதற்கு நடுவே என் செல்போனுக்கு ஒரு புது நம்பரிலிருந்து மிஸ்டு கால் வர ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. ஒரு ரிங் அடித்து நின்றுவிடும். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கமாட்டார்கள். ஒருநாள் எடுத்தார்கள். கோகிலா! என் அம்மாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். ஒரு ரிங் என்றால் 'சாப்பிட்டீங்களா?' என்று அர்த்தமாம். சாப்பிட்டுவிட்டு நான் ஒரு ரிங் கொடுக்க வேண்டுமாம். பத்து பைசா செலவில்லாமல் எங்கள் காதல் அப்படித்தான் வளர்ந்தது.

கார்த்திகையில் ஒருநாள் ரிங் நிற்கவே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். அவள் குரல் கம்மியிருந்தது. வெள்ளகோவிலிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறதாம், அரிசி மில் வைத்திருக்கிறார்களாம், பையன் எண்பது கிலோவாம். அப்புச்சிக்கு அவன் உட்கார்ந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். தை வரைக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று அவள் அம்மா ஞாபகப்படுத்தியதால் தள்ளிப்போட்டிருக்கிறார். வாயில் போடப் போன நிலக்கடலையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டேன். எண்பது கிலோவுக்கு நான் எங்கே போவேன் என்றேன். அவள் சொன்னாள்: "நீங்க எம்பதெல்லாம் ஆவ வேண்டாங்க. வெலாவெலும்ப மட்டும் மறைச்சுப்போடுங்க, மிச்சத்த நான் பேசிக்கறேன்."

துணி மேல சந்தேகம்

மார்கழியில் அந்தப் பழைய பையரிடமிருந்து புது ஆர்டர் வந்தது. அதே ஒட்டின மாடல், அதே ஸ்மால். மாஸ்டர் அதே பேட்டர்னில் வெட்டித் தைத்து, டேப் வைத்து அளந்தார். எல்லாம் சரி. வழக்கம்போல ஹேங்கரைக் கூப்பிட்டார். மாட்டினேன். கக்கத்தில் பிடித்தது. நெஞ்சில் இறுக்கியது.

"துணி சுருங்கிருச்சு" என்றார் மாஸ்டர். நானும் "ஆமாங்க மாஸ்டர்" என்றேன். நெஞ்சில் கொஞ்சம், கையில் கொஞ்சம் தளர்த்தி, இன்னொன்று தைத்து அனுப்பினார். பையரிடமிருந்து பதில் வந்தது: நாங்கள் ஸ்மால் கேட்டோம், நீங்கள் மீடியம் அனுப்பியிருக்கிறீர்கள். மாஸ்டருக்கு ரோசம் வந்துவிட்டது. பழைய டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது டேப் வாங்கினார். அயர்ன்காரரிடம் நீராவியை அதிகம் காட்டி இழுத்துவிட்டாயா என்று சண்டை. சாயப்பட்டறைக்குப் போன் போட்டுச் சண்டை. மறுபடியும் தைத்து, மறுபடியும் என் மேல் மாட்டி, இன்னும் பிடிக்கிறதே என்று மறுபடியும் தளர்த்தி அனுப்பினார். இந்தத் தடவை பதில் இரண்டே வரி. அடுத்த சாம்பிளும் தப்பாக வந்தால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகும்.

மொதலாளி சாம்பிள் ரூமுக்கு வந்து நின்றார். அந்த ஆர்டரை நம்பித்தான் தைக்குப் பிறகு எல்லாருக்கும் வேலை என்று எங்களுக்குத் தெரியும். மாஸ்டர் பீரோவைத் திறந்து, போன சீசனில் பையர் ஓகே சொல்லி அனுப்பின பழைய சாம்பிளை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத மாட்டு. இது தப்பாவே இருக்காது." தலையை விட்டேன். கையை விட்டேன். தோள்பட்டைக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

மாஸ்டர் என் கழுத்திலிருந்து பெல்ட் வரைக்கும், புதுசாக ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். புது டேப்பை எடுத்து என் நெஞ்சைச் சுற்றினார். பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நூல் மேல் சந்தேகம், துணி மேல் சந்தேகம், டேப் மேல்கூடச் சந்தேகம் வந்தது. என் உடம்பு வளர்ந்திருக்கும் என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, சபதத்தால் தராசே ஏறாத எனக்கும் வரவில்லை. ரூமே தலையில் கைவைத்து நிற்கிறது, எனக்கோ விசில் அடிக்க வேண்டும்போல இருக்கிறது. மொதலாளிக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை, முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது: "ஏன் கண்ணு, வளர்றவன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வளரக்கூடாதா?"

கத்திரி எடுத்துட்டு வா

மாஸ்டர் முதல் தடவையாக டேப்பை முழுசாக நம்பி ஒரு பனியன் தைத்தார். அது ஓகே ஆயிற்று. ஆர்டர் வந்த சந்தோஷத்தில் மொதலாளி, தை பிறந்ததும், "ஊத்துக்குளிக்கு நானும் வர்றேன்" என்று என் அப்பா அம்மாவோடு வண்டி ஏறிவிட்டார். கையில் ஒரு பாலித்தீன் கவர்.

நான் நல்ல தொளதொள சட்டை போட்டுப் போயிருந்தேன். பயம்தான் காரணம், சட்டை கொஞ்சம் உப்பித் தெரியட்டும் என்று. அப்புச்சி என்னைப் பார்த்தார். "கொஞ்சம் தேவலீங்க" என்று இழுத்தார். "ஆனா சட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு யாரு கண்டா? மில்லுக்கார ஊட்டுல நாளைக்குப் பதில் கேக்கறாங்க" என்றார். கதவோரம் நின்ற கோகிலாவின் முகம் அப்படியே வாடிப்போயிற்று.

மொதலாளி கவரைப் பிரித்தார். "ஏனுங்க சாமி, இவன் உடம்பு வளந்ததால எனக்கு ரெண்டு சாம்பிள் ரிஜெக்ட் ஆயிருக்குது. வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டானுங்க. இது போன வருசம் இவனுக்குத் தொளதொளன்னு எறங்கின பனியன். நீங்களே பாருங்க" என்று அந்தப் பழைய சாம்பிளை என் கையில் கொடுத்தார். தொளதொள என்பது பொய். ஆனால் நல்ல பொய்.

எல்லார் முன்னாலும் சட்டையைக் கழட்டிவிட்டுக் கையைத் தூக்கி மாட்டினேன். பதட்டத்தில் உடம்பெல்லாம் வேர்வை. பனியன் தலையைத் தாண்டி, தோளில் வந்து சுருண்டு நின்றுவிட்டது. கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. இரண்டு கையும் வானத்தைப் பார்க்க, முகம் துணிக்குள் மாட்டிக்கொள்ள, கூடத்து நடுவில் கண் தெரியாமல் நின்றேன். பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது. அது கோகிலா. அவள் சிரிக்கவும் அவள் அம்மா சிரித்தார், என் அம்மா சிரித்தார், மொதலாளி சிரித்தார். அப்புச்சியின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அப்போது என் விலாவில் ஒரு கை பட்டது. சொரசொரவென்று, மாடு பிடித்துக் காய்த்துப்போன கை. கக்கத்துக்குக் கீழே ஆரம்பித்து, அழுத்தி அழுத்தி, எலும்பைத் தேடிக்கொண்டே இடுப்பு வரைக்கும் இறங்கியது. திரும்பவும் மேலே ஏறியது. எனக்குக் கூச்சம் உயிர் போகிறது, அசைந்தால் எல்லாம் போச்சு என்று மூச்சைப் பிடித்து நின்றேன். கை நின்றது. பனியனுக்கு வெளியே அப்புச்சியின் குரல் கேட்டது: "அம்மிணி கோகிலா, கத்திரி எடுத்துட்டு வா. மாப்பளைய வெளிய எடுக்கோணும்."

அன்பர்களே, கல்யாணத்துக்குப் பிறகு ஊத்துக்குளி வெண்ணெய் வேலையைக் காட்டி, ஸ்மாலாக இருந்த நான் மீடியத்தில் நிற்காமல் லார்ஜுக்கே போய்விட்டேன், நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேர்கூடக் கேட்காமல், "தம்பி கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வாக்கிங் கீக்கிங் போறதில்லீங்களா?" என்கிறார்.